சின்ன வார்த்தைகளின் சரண்டர் வேல்யூ

இங்கிலீஷ்லயே ரொம்பக் கஷ்டமான வார்த்தை எது? இந்தக் கேள்வியை காலேஜ் கேன்டீனில் சும்மா போட்டுப் பாருங்கள். ஒருத்தர் 'என்ட்ரப்ரனர்' என்பார், ஸ்பெல்லிங் இன்னும் வரவில்லையாம். இன்னொருத்தர் 'கொலாட்டரல்' என்பார். எங்கேயோ பொறுக்கிய இருபது எழுத்து வார்த்தை ஒன்றைச் சொல்லி சீன் போடவும் ஒரு ஆள் இருப்பார்.

ஒருத்தர்கூட 'டிரா' என்று சொல்ல மாட்டார். 'பேர்', 'சார்ஜ்', 'ஹானர்' என்றும் சொல்ல மாட்டார்கள். இதெல்லாம் ஆறாம் கிளாஸ்லயே படிச்சாச்சே, இதுல என்ன கஷ்டம்?

அங்கேதான் மேட்டரே இருக்கு மக்களே.

தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ வரைக்கும் காமர்ஸ் படித்துவிட்டு பி.காம். சேர்கிற ஒரு பையனையோ பெண்ணையோ எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், எந்த வகுப்பிலும் நாலு பேராவது அப்படி இருப்பார்கள். கணக்குப்பதிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கிய கேஸாகக்கூட இருக்கலாம். பற்று, வரவு, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம் எல்லாம் தண்ணி பட்ட பாடு. காலேஜில் எல்லாம் இங்கிலீஷ். முதல் வாரம் கொஞ்சம் பயம் இருக்கும். பேரேடுக்கு 'லெட்ஜர்', தேய்மானத்துக்கு 'டெப்ரிசியேஷன்', இருப்பாய்வுக்கு 'டிரையல் பேலன்ஸ்' என்று ஒரு லிஸ்ட் போட்டு பத்து நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அது பெரிய விஷயமே இல்லை. 'டெப்ரிசியேஷன்' நீளமான வார்த்தைதான், ஆனால் அக்கவுன்ட்ஸ் கிளாஸில் அதுக்கு ஒரே அர்த்தம். ஒரு தடவை பிடித்தால் போதும்.

பிரச்சனை மாற்றுச்சீட்டு பாடத்தில் வரும். இங்கிலீஷில் 'பில்ஸ் ஆஃப் எக்ஸ்சேஞ்ச்'. ஆசிரியர் போர்டில் எழுதுகிறார்: ஏ 'டிராஸ்' எ பில் ஆன் பி. பி 'அக்செப்ட்ஸ்' இட். பிறகு அந்த பில்லை பேங்கில் 'டிஸ்கவுன்ட்' செய்கிறார்கள். டியூ தேதியில் அது 'ஹானர்' ஆகும், அல்லது 'டிஸ்ஹானர்' ஆகும். சில சமயம் டியூ தேதிக்கு முன்னாலேயே 'ரிட்டயர்' செய்யப்படும்.

இதில் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. 'டிரா' என்றால் படம் வரைவது. 'டிஸ்கவுன்ட்' என்றால் ஆடித் தள்ளுபடி. 'ஹானர்' என்றால் மரியாதை. 'ரிட்டயர்' என்றால் தாத்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றது. ஆக அந்தப் பையன் மண்டைக்குள் ஓடும் கதை இதுதான்: ஏ என்பவர் பி மேல் ஒரு பில்லைப் படம் வரைகிறார். பேங்க் அதுக்குத் தள்ளுபடி தருகிறது. டியூ தேதியில் பில்லுக்குப் பொன்னாடை போர்த்தி மரியாதை செய்கிறார்கள். கடைசியில் பில் ரிட்டயர் ஆகி பென்ஷன் வாங்குகிறது! :-)

சிரிப்பாக இருக்கு இல்லையா? ஆனால் இதே பாடத்தை தமிழில் கொடுத்தால் அவன் கண்ணை மூடிக்கொண்டு பதிவு போடுவான். விஷயம் தெரியும், கணக்கும் தெரியும். தடுக்கி விழுவது இந்தத் துண்டு வார்த்தைகளில்தான். அதுவும் 'தெரிந்த' வார்த்தைகள். தெரியாத வார்த்தையாக இருந்தால் டிக்ஷனரியைத் திறப்பான். தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பதை யார் போய்த் தேடிப் பார்ப்பார்கள்?

ஏன் இப்படி ஆகிறது? ஒரு இங்கிலீஷ் வார்த்தை, பக்கத்தில் ஒரு தமிழ் வார்த்தை, நடுவில் சமக்குறி. ஸ்கூலில் வார்த்தைகள் உள்ளே போவது இப்படித்தான். 'டிரா' = வரை. 'பேர்' = கரடி. கணக்கு முடிந்தது.

இந்த சமக்குறி எவ்வளவு ஏமாற்று வேலை என்று தெரிய, ஆட்டத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தமிழ் கற்க வந்திருக்கிறார். அவருக்கு 'பிடி' என்ற வார்த்தையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 'பிடி' = 'ஹோல்ட்' என்று நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்புகிறார் மனிதர். தெருவில் என்ன கேட்கிறார்? மீன் பிடிக்கிறார்கள். பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். வாடகைக்கு வீடு பிடிக்கிறார்கள். குழந்தை அடம் பிடிக்கிறது. சளி பிடிக்கிறது. சம்பளத்தில் பிடிக்கிறார்கள். அவருக்கு இவரைப் பிடிக்கவில்லை. மனிதர் அடுத்த ஃபிளைட்டைப் பிடித்துவிடுவார்.

'அடி' இன்னும் மோசம். வெயில் அடிக்கிறது, பெல் அடிக்கிறது, சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், பரிட்சையில் காப்பி அடிக்கிறார்கள். இதில் யாரும் யாரையும் அடிக்கவில்லை!

தமிழ் பேசுகிற யாரும் 'பிடி'யின் அர்த்தங்களை லிஸ்ட் போட்டுப் படித்ததில்லை. 'சளி பிடிச்சிருக்கு', 'பஸ்ஸைப் பிடி' என்று முழு வாக்கியமாகவே காதில் விழுந்து ஒட்டிக்கொண்டது. வார்த்தை தனியாக வரவில்லை, எப்போதும் கூட்டாளிகளோடு வந்தது. இங்கிலீஷ் மட்டும் எப்படித் தனியாக வரும்?

சரி, வார்த்தைகளை லிஸ்ட்டாக மனப்பாடம் செய்யும் பழக்கம் நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் நிகண்டு மனப்பாடம் செய்தார்கள். சூடாமணி நிகண்டு மாதிரி நூல்கள் ஒரே பொருளுக்கான பல பெயர்களையும், ஒரே சொல்லுக்கான பல பொருள்களையும் பாட்டாகக் கட்டித் தந்தன. செய்யுள் படிக்கவும் எழுதவும் அது உதவியது. அகர வரிசையில் தேடிப் பார்க்கும் முறை 1732-ல் வீரமாமுனிவரின் சதுரகராதியோடு பரவத் தொடங்கியது. ஆனால் நிகண்டு படித்தவர்கள் வீட்டிலும் தெருவிலும் ஏற்கனவே தமிழ் பேசியவர்கள். தெரிந்த மொழிக்கு மேல் லிஸ்ட் ஏறி உட்கார்ந்தது. தெரியாத மொழிக்கு வெறும் லிஸ்ட் மட்டும் கொடுத்தால் அது எங்கே போய் உட்காரும்?

இந்தக் கேள்வியை ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொண்ட ஒருவர் இருந்தார். மைக்கேல் வெஸ்ட். ஆங்கிலேயர். இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து அப்போதைய வங்காள மாகாணத்தில், இன்று பங்களாதேஷின் தலைநகராக இருக்கும் டாக்காவில் வேலை பார்த்தவர். இங்கிலீஷ் படிக்கும் வங்காளிப் பையன்களை வருஷக்கணக்காகக் கவனித்தார். 1926-ல் வங்காளத்தின் இருமொழிக் கல்வி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் கையாண்ட ஒரு சொல் காமர்ஸ்காரர்களுக்கு ரொம்பவே பழக்கமானது: 'சரண்டர் வேல்யூ'.

ஆமாம், இன்ஷூரன்ஸில் வருமே, அதேதான். பாலிசியை முழுசாகக் கட்டி முடிக்காமல் பாதியில் நிறுத்தினால் கைக்கு எவ்வளவு திரும்ப வரும் என்ற கணக்கு. வெஸ்ட் இதைப் படிப்புக்குப் பொருத்தினார். ஒரு பையன் இங்கிலீஷ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனால், அதுவரை படித்ததுக்கு அவன் கையில் என்ன மிஞ்சும்? ஏராளமான பையன்கள் பாதியில் நின்றுவிடுவதை அவர் நேரிலேயே பார்த்தவர். பத்து வருஷம் படித்தால் மட்டும் பலன் தருகிற பாடம், நாலாம் வருஷம் நின்றவனுக்கு ஒன்றுமே தருவதில்லை. அது அவன் குற்றமா, பாலிசியின் குற்றமா?

பாலிசியை மாற்ற வேண்டும் என்பதுதான் வெஸ்ட் கட்சி. முதலில் படிக்கக் கற்றுக்கொடு. அதுக்கு அடிக்கடி வருகிற வார்த்தைகளை முதலில் கொடு, எப்போதாவது வருவதைத் தள்ளிப் போடு. கதைப் புத்தகத்தில் ஒரு அபூர்வமான வார்த்தை வந்தால் அதை எடுத்துவிட்டு சாதாரண வார்த்தையைப் போடு. புது வார்த்தைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு, இறக்கியதைத் திரும்பத் திரும்ப வரவை. இப்படியே பாடப் புத்தகங்களும் தயாரித்தார். எந்த இடத்தில் நிறுத்தினாலும் அதுவரை கட்டிய பிரீமியத்துக்கு ஏதாவது கையில் இருக்கும்.

அடுத்து டிக்ஷனரி. 1935-ல் வெஸ்ட்டும், சீனாவில் மிஷனரியாக இருந்த எண்டிகாட் என்ற கனடாக்காரரும் சேர்ந்து ஒரு அகராதி கொண்டுவந்தார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்காகவே செய்தது. அதில் சுமார் 24,000 வார்த்தைகளும் தொடர்களும் இருந்தன. அத்தனைக்கும் விளக்கம் எழுத அவர்கள் எடுத்துக்கொண்டது வெறும் 1,490 வார்த்தைகள்! அதாவது, அந்த 1,490 தெரிந்தவருக்கு மீதி எல்லாம் தானாகத் திறக்கும். போட்டதுக்குப் பதினாறு மடங்கு. எந்த மியூச்சுவல் ஃபண்டும் இப்படி உறுதி கொடுக்காது.

இதில் இருக்கும் விதி ரொம்ப எளிமையானது. விளக்கம், விளக்கப்படும் வார்த்தையைவிட சுலபமாக இருக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். தெரிந்திருக்கவில்லை என்பதுதான் வரலாறு. சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில அகராதியில் 'நெட்வொர்க்' என்ற சாதாரண வார்த்தைக்கு விளக்கம் பார்த்தால் 'ரெடிகுலேட்டட்', 'டெகஸேட்டட்' என்று வருகிறது. வலை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளப் போனவன் வலையிலேயே மாட்டிக்கொள்வான். ஜான்சனைக் குறை சொல்லவும் முடியாது. அவர் எழுதியது ஏற்கனவே இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கு. தெரியாதவர்களுக்கு என்று ஒரு தனி அகராதி வேண்டும் என்ற நினைப்பு அழுத்தமாக வர, 20-ம் நூற்றாண்டு ஆகிவிட்டது.

வெஸ்ட் தன் வேலையை அத்தோடு விடவில்லை. 1953-ல் சுமார் 2,000 வார்த்தைகள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலை வெளியிட்டார். வார்த்தை எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதோடு, அதன் ஒவ்வொரு அர்த்தமும் எத்தனை சதவீதம் வருகிறது என்றும் போட்டார். எது முதல் அர்த்தம், எது ஓரமாக நிற்கிற அர்த்தம் என்று மாணவனுக்குத் தெரியும். சாதாரணமாக எழுதப்படும் இங்கிலீஷில் நூற்றுக்கு எண்பது வார்த்தை கிட்டத்தட்ட இந்த 2,000-க்குள் அடங்கிவிடும். 2000-ல் நியூசிலாந்தின் ஏவரில் காக்ஸ்ஹெட் பல்கலைக்கழகப் பாடப் புத்தகங்களுக்காக இன்னொரு பட்டியல் போட்டார், 570 வார்த்தைக் குடும்பங்கள். பாடப் புத்தகத்தில் இன்னும் சுமார் பத்து சதவீதத்தை அது பார்த்துக்கொள்ளும். வெஸ்ட் பட்டியல் பழசாகிவிட்டது என்று 2013-ல் சுமார் 2,800 வார்த்தைகளோடு புதிய பட்டியல் ஒன்றும் வந்திருக்கிறது. கணக்கு கொஞ்சம் மாறும், சங்கதி மாறாது. சின்ன வார்த்தைகள்தான் பாரத்தின் பெரும்பகுதியைச் சுமக்கின்றன.

சுலபமான விளக்கம் என்றால் எப்படி இருக்கும்? அதுக்கு லண்டன் வரை போக வேண்டாம். எந்தப் பாட்டியிடமாவது "வட்டின்னா என்ன பாட்டி?" என்று கேட்டுப் பாருங்கள். "மூலதனத்தைப் பயன்படுத்தியமைக்காக..." என்றெல்லாம் ஆரம்பிக்க மாட்டார். "நீ ஒருத்தங்ககிட்ட நூறு ரூவா கடன் வாங்குறேன்னு வையி. திருப்பித் தரும்போது நூறோட சேத்து மேல ரெண்டு ரூவா வப்பேல்ல? அந்த ரெண்டு ரூவாதான்டா வட்டி." முடிந்தது. விளக்கமும் உதாரணமும் ஒரே வாக்கியத்தில்.

ஆச்சரியம் என்னவென்றால் 1987-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் குழு கொண்டுவந்த 'கோபில்ட்' அகராதி இதே பாட்டி ஸ்டைல்தான். துண்டு துண்டாக விளக்கம் கொடுக்காமல், 'ஒருத்தர் இப்படிச் செய்தால், அதுக்கு இப்படிச் சொல்வார்கள்' என்று முழு வாக்கியத்திலேயே அர்த்தம் சொன்னார்கள். உதாரண வாக்கியங்களையும் உட்கார்ந்து கற்பனை செய்யவில்லை. நிஜமாக எழுதிய, பேசிய இங்கிலீஷை கம்ப்யூட்டரில் லட்சக்கணக்கில் சேர்த்துவைத்து அதிலிருந்து எடுத்தார்கள்.

விளக்கம் பாதிதான். மீதிப் பாதி வாக்கியம்.

'டிஸ்கஸ்' என்றால் விவாதி என்று தெரிகிறது. அதனால் 'டிஸ்கஸ் அபவுட் த பிராப்ளம்' என்று வாயில் வந்துவிடுகிறது. தமிழில் பிரச்சனையைப் 'பற்றி' விவாதிக்கிறோம் அல்லவா, அந்தப் 'பற்றி' கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. இங்கிலீஷில் 'டிஸ்கஸ் த பிராப்ளம்' போதும், 'அபவுட்' வேண்டாம். அதே மாதிரி கல்யாணம் ஒருத்தர் 'கூட' நடப்பதால் 'மேரீட் வித் ஹிம்' என்கிறோம். அங்கே 'மேரீட் ஹிம்', அவ்வளவுதான். 'ஐ யாம் போரிங்' என்று ஒரு இன்டர்வியூவில் சொன்னால் என்ன ஆகும்? 'எனக்கு போர் அடிக்கிறது' என்று சொல்ல நினைத்தவர் 'நான் ஒரு அறுவை' என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். எத்தனை தடவை தமிழ் அர்த்தத்தைப் படித்தாலும் இந்தத் தப்பு திருந்தாது, ஏனென்றால் தப்பு அர்த்தத்தில் இல்லை. சரியான வாக்கியம் ஒன்றைப் பத்துத் தடவை பார்த்தால் தானாகத் திருந்தும்.

இதை முதலில் பிடித்தவர்களில் ஒருவர் ஏ.எஸ்.ஹார்ன்பி. ஜப்பானில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். டோக்கியோவில் ஹெரால்ட் பால்மர் 1923-ல் தொடங்கிய ஆங்கில ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து வேலை செய்தார். எந்த வினைச்சொல் பின்னால் எது வரும், எது வராது என்று ஜப்பானிய மாணவர்கள் திண்டாடுவதைப் பார்த்தார். கேட்டன்பி, வேக்ஃபீல்ட் என்ற இருவரோடு சேர்ந்து வாக்கிய அமைப்புகளைக் காட்டும் அகராதி ஒன்றைத் தயாரித்தார். அது டோக்கியோவில் 1942-ல் வெளிவந்தது, அதுவும் ஜப்பானும் பிரிட்டனும் போரில் இருந்த நேரத்தில்! அதையே 1948-ல் ஆக்ஸ்ஃபோர்ட் மறுபடி வெளியிட்டது. இன்று மாணவர் மேசையில் தடியாக உட்கார்ந்திருக்கிறதே ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி, அதனுடைய தாத்தா அதுதான். லாங்மேனும் 1978-ல் சுமார் 2,000 வார்த்தைகளுக்குள் விளக்கம் எழுதி ஒரு அகராதி கொண்டுவந்தது. இப்போது இவற்றையெல்லாம் போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

இப்போது அந்த 'டிரா'வுக்குத் திரும்பலாம். நல்ல லேர்னர்ஸ் டிக்ஷனரியில் அதன் உதாரண வாக்கியங்களை வரிசையாகப் படித்தால் ஒன்று புலப்படும். அடியில் இருக்கும் பழைய அர்த்தம் 'இழு'. ஜன்னல் திரையை இழுக்கிறார்கள், கிணற்றிலிருந்து தண்ணீர் இழுக்கிறார்கள். மேசையில் இழுக்கிற பெட்டிதான் 'டிராயர்'. காகிதத்தில் பென்சிலை இழுத்தால் கோடு. பேங்கிலிருந்து இழுத்தால் பணம். கடைக்காரர் தன் கடைப் பணத்தைச் சொந்தச் செலவுக்கு இழுத்துக்கொண்டால் அது 'டிராயிங்ஸ்', தமிழ்ப் புத்தகத்தில் 'எடுப்புகள்' என்று படித்த அதே ஐட்டம். பில்லை எழுதி, வர வேண்டிய காசைத் தன் பக்கம் இழுப்பவர் பில்லின் 'டிராயர்' என்று நினைவு வைத்துக்கொள்ளலாம்.

'பேர்' என்பதில் கரடியை ஓரமாக அனுப்பிவிட்டு 'சும' என்று வைத்துப் பாருங்கள். செலவைச் சுமப்பது, வலியைச் சுமப்பது, மரம் பழத்தைச் சுமப்பது. செக்கைச் சுமந்துகொண்டு வருகிறவருக்குப் பணம் கொடு என்றால் 'பேரர் செக்'. 'சார்ஜ்' என்பதில் 'ஏற்று' ஒளிந்திருக்கிறது. பேட்டரியில் கரன்ட் ஏற்றுவது, வாடிக்கையாளர் தலையில் கட்டணம் ஏற்றுவது, லாப நட்டக் கணக்கில் தேய்மானத்தை ஏற்றுவது, ஒருத்தர் மேல் குற்றத்தை ஏற்றுவது. சமக்குறியில் நாலு தனித்தனி வார்த்தையாக இருந்தது இங்கே ஒரே வார்த்தையாகிவிட்டது.

உடனே தமிழ் அர்த்தமே கூடாது, இங்கிலீஷை இங்கிலீஷிலேயே படி என்று கோஷம் போட வேண்டியதில்லை. 'ஸ்பாரோ' என்பதுக்கு 'சாம்பலும் பழுப்புமான சிறு பறவை' என்று எளிய விளக்கம் படித்துவிட்டு எந்தப் பறவை என்று அரை மணி நேரம் யோசிப்பதைவிட, 'சிட்டுக்குருவி' என்று பார்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். கையால் தொட்டுக் காட்டக்கூடிய பொருள், செடி, பிராணி, நோய் இதுக்கெல்லாம் தமிழ் வார்த்தைதான் பெஸ்ட். கணக்குப்பதிவியல் கலைச்சொல்லுக்கும் அப்படியே. பேரேடு தெரிந்தவனுக்கு 'லெட்ஜர்' ஒரு நிமிஷ வேலை. அந்தத் தமிழ்ப் படிப்பு அவனுக்கு இருக்கும் சொத்து, அதை எழுதித் தள்ளுபடி செய்யச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். வினைச்சொல், குணத்தைச் சொல்லும் வார்த்தை, கண்ணுக்குத் தெரியாத விஷயம் என்று வரும்போது மட்டும் எளிய விளக்கமும் வாக்கியமும் வேண்டும்.

எளிய விளக்கத்துக்கும் ஒரு எல்லை உண்டு. சுலபமாகச் சொல்லும்போது கூர்மை கொஞ்சம் மழுங்கும். பாட்டி சொன்ன வட்டியை வைத்துக்கொண்டு கூட்டு வட்டி கணக்குப் போட முடியாது. சட்டம், அக்கவுன்டிங் இரண்டிலும் பாடப் புத்தகத்தின் வரையறையைத் தனியாகப் படித்தே ஆக வேண்டும். பாட்டி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவார், உள்ளே போக வேண்டியது அவரவர்தான்.

நோட்டில் இதை எப்படிச் செய்வது? ஒரு வார்த்தைக்கு மூன்று வரி போதும். முதல் வரியில் விளக்கம், அதில் உள்ள ஒவ்வொரு வார்த்தையும் ஏற்கனவே தெரிந்ததாக இருக்க வேண்டும். தெரியாதது ஒன்று இருந்தாலும் வேறு விளக்கம் தேடலாம். இரண்டாவது வரியில் டிக்ஷனரி தரும் உதாரண வாக்கியம், வார்த்தைக்குப் பின்னால் 'டு' வருகிறதா, 'ஆன்' வருகிறதா என்று அடிக்கோடு போட்டு. மூன்றாவது வரி சொந்த வாக்கியம், சொந்த வாழ்க்கையிலிருந்து. 'த கிங் டிரூ ஹிஸ் ஸ்வோர்டு' யாருக்கு வேண்டும்? 'அப்பா ஏடிஎம்மில் ஐநூறு ரூபாய் டிரா செய்தார்' என்பதை இங்கிலீஷில் எழுதினால் மறக்காது.

காமர்ஸ்காரர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. வெஸ்ட்டின் 2,000, காக்ஸ்ஹெட்டின் 570, மொத்தம் 2,570. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை, ஞாயிற்றுக்கிழமை லீவு. வாரத்துக்கு 24. கிட்டத்தட்ட 108 வாரத்தில் முடிந்துவிடும். பி.காம். மூன்று வருஷத்தில் 156 வாரம் இருக்கிறது. அதில் பாதி வார்த்தைகள் ஓரளவு தெரிந்தவையாகவே இருக்கும், ஆனால் அவற்றையும் விடாமல் எழுத வேண்டும். மாட்டிவிடுவது அவைதானே. நடுவில் ஐம்பதாவது வாரம் சோம்பல் வந்து நின்றுவிட்டாலும் 1,200 வார்த்தை கையில் இருக்கும். சரண்டர் வேல்யூ! முப்பது நாளில் சரளமாகப் பேசலாம் என்கிற புத்தகத்தைப் பத்தாம் நாள் மூடி வைத்தவர்களுக்கு என்ன மிஞ்சியது என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழில் இப்படி ஒரு அகராதி இருக்கா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992-ல் வந்தது, பிறகு 2008-லும் 2020-லும் புதுப்பித்தார்கள். புழக்கத்தில் இருக்கும் தமிழை எடுத்து, எளிய விளக்கமும் உதாரண வாக்கியமும் கொடுத்திருப்பார்கள். 'பிடி', 'அடி' இரண்டையும் அதில் பாருங்கள். தன் தாய்மொழியில் ஒரு வார்த்தை எத்தனை வேஷம் போடுகிறது என்று பார்த்தவருக்கு 'டிரா' மேல் கோபம் வராது.

இத்தனையும் எதுக்கு? மார்க்குக்காக மட்டும் என்றால் இவ்வளவு பேச வேண்டியதில்லை, கைடு இருக்கிறது. வகுப்பின் கடைசி ஐந்து நிமிஷத்தில் 'எனி டவுட்ஸ்?' என்று கேட்கும்போது ஒரு மௌனம் விழுமே, அதுக்காகத்தான். சந்தேகம் இல்லாத மௌனம் இல்லை அது. கேட்பதுக்குப் பெரிய இங்கிலீஷ் வேண்டும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்ட மௌனம். மூன்று வருஷம் அப்படி வாயை மூடியவர்கள் அதே மௌனத்தோடு கேம்பஸ் இன்டர்வியூவிலும் போய் உட்காருகிறார்கள். கணக்கில் அவர்களைவிடக் குறைவாகத் தெரிந்தவர்கள் பேசிவிட்டுப் போகிறார்கள்.

அந்தக் கேள்விக்கு வேண்டியது ஐந்தே வார்த்தை: 'வாட் டஸ் இட் மீன் ஹியர்?' அதில் ஒரு பெரிய வார்த்தையும் கிடையாது. 'ஹியர்' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'ரிட்டயர்' என்றால் என்ன என்று கேட்டால் ஓய்வு பெறுவது என்று பதில் வரும். 'இங்கே' என்ன என்று கேட்டால்தான், டியூ தேதிக்கு முன்னாலேயே பணத்தைக் கட்டி பில்லைத் திரும்ப வாங்கிக்கொள்வது என்று அந்தப் பாடத்துக்கான பதில் வரும்.

நாளைக்கு வகுப்பில் யாராவது ஒருத்தர் கேட்டுப் பாருங்களேன். பக்கத்து பெஞ்சில் நாலு பேர் நிம்மதியாக மூச்சு விடுவார்கள்.